1857: ஆண்டு நிறைவுகளும் நினைவுப் பதிவுகளும்

1857 மே 10ஆம் நாள் மீரட் பாசறையில் வெடித்து, மறுநாளே டில்லியைத் தன்வசப்படுத்திய எழுச்சிக்கு இன்றுவரை ஒருமித்த பெயர் ஒன்று ஏற்படவில்லை. ஆங்கிலேய ஆசிரியர்கள் அதனைச் சிப்பாய்க் கலகம் என்றனர். உருது வழக்கில் நெடுங்காலம் அது 'கதர்' என்றே அழைக்கப்பட்டது. இந்தியத் தேசியவாதிகள் முதல் சுதந்திரப் போர் என்றனர். மாறுபட்ட கருத்துடையோர் பேரெழுச்சி என்று நடுநிலையான சொல்லொன்றைத் தேர்ந்துகொண்டனர். அப்போரின் ஐம்பதாவது, நூறாவது, நூற்றைம்பதாவது ஆண்டு நிறைவுகள் முறையே 1907, 1957, 2007 ஆகிய ஆண்டுகளில் வந்தன. ஒவ்வொரு நிறைவின்போதும் பதக்கம், அஞ்சல்தலை, நாணயம், நினைவுத் தூண், நினைவு மலர், வரலாற்று நூல் எனப் பலவும் வெளிவந்தன. இவற்றை ஒருசேர வைத்து நோக்குவோமாயின், 1857இல் என்ன நடந்தது என்பதைக் காட்டிலும், அவை வெளிவந்த ஆண்டில் அவற்றை வெளியிட்டோருக்கு என்ன தேவைப்பட்டது என்பதே தெளிவாகப் புலப்படும். முஸ்லிம்களாகிய நமக்கு இது ஏட்டளவிலான ஆராய்ச்சி அன்று. அப்போரில் நம் முன்னோரின் பங்கு ஒருபுறம் அளவுமீறிப் பெருக்கப்பட்டும் மறுபுறம் சுருக்கப்பட்டும் வந்திருப்பது பெரும்பாலும் இந்த நினைவுப் பதிவுகளின் வாயிலாகவேயாகும்.

முதல் நினைவுப் பொருள்களை உருவாக்கியோர் வென்றவர்களே. 1858இல் பிரிட்டிஷ் அரசு இப்போருக்கெனத் தனிப் பதக்கம் ஒன்றை ஏற்படுத்தியது. டில்லி, லக்னோ பாதுகாப்பு, லக்னோ மீட்பு, லக்னோ, மத்திய இந்தியா எனப் போர்க்களப் பெயர் பொறித்த ஐந்து பட்டைகள் அப்பதக்கத்திற்கு உண்டு. வீரர் எந்தக் களத்தில் நின்றாரோ அதற்குரிய பட்டை அவருக்குக் கிடைத்தது. 1863இல் டில்லியின் மேட்டுப் பாங்கான 'ரிட்ஜ்' பகுதியில் செம்மணற்கல்லாலான எண்கோணக் கோபுரம் ஒன்று எழுப்பப்பட்டது. முற்றுகையில் மாண்ட அதிகாரிகளின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டன. எதிர்த்து நின்றோர் அக்கல்வெட்டில் 'பகைவர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கினர். விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டாகிய 1972இல் அக்கோபுரத்திற்கு 'அஜீத்கட்' எனப் புதுப்பெயர் சூட்டிய இந்திய அரசு, இங்குப் பகைவர் எனக் குறிக்கப்பட்டோர் அந்நிய ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு உயிர்நீத்த தியாகிகளே என்னும் விளக்கப் பலகையையும் அங்கு வைத்தது. பழைய கல்வெட்டைப் பெயர்த்தெறியாமல் அதனருகிலேயே மறுப்புரையைப் பொறித்து வைத்த அம்முறை பாராட்டத்தக்கது. வரலாற்றுச் சான்றும் அழியவில்லை. அதற்கான மறுமொழியும் நிலைத்தது.

அரசு வழங்கிய பதக்கங்களுக்கு அப்பால், போரிலிருந்து தனியார் எடுத்துச் சென்ற 'நினைவுப் பொருள்'கள் வேறு வகையின. பகதூர் ஷா ஸஃபரின் மணிமுடியும் இரண்டு ஆசனங்களும் டைட்லர் என்ற படை அதிகாரியின் கைக்கு வந்து, 1861இல் 500 பவுனுக்கு விக்டோரியா அரசியாரிடம் சேர்ந்தன. மன்னர் அப்போது ரங்கூனில் கைதியாக இருந்தார். அடுத்த ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் அங்கேயே காலமானார். இதனினும் கொடியதொரு நினைவுப் பொருளும் உண்டு. 1963இல் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்து வால்மர் என்னும் ஊரில், மதுவிடுதி ஒன்றின் பொருளறையில் மனித மண்டையோடு ஒன்று கிடைத்தது. அதன் கண்குழியில் மடித்துச் செருகப்பட்டிருந்த சீட்டு, இது வங்காளப் படையின் 46ஆவது காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த ஹவில்தார் ஆலம் பேக்கின் தலை என்றும், அவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டவர் என்றும் கூறியது. அவ்விடுதியின் பெயர் 'லார்டு கிளைடு'; லக்னோவை மீண்டும் கைப்பற்றிய தளபதி காலின் காம்பெல்லின் பட்டப்பெயரே அது. கிம் வாக்னர் என்ற வரலாற்றாசிரியர் 2017இல் வெளியிட்ட நூலில், சியால்கோட்டில் மறைப்பணியாளர் குடும்பம் ஒன்றைக் கொன்றவர் ஆலம் பேக் எனச் சீட்டுச் சுமத்திய பழிக்குச் சான்றுகள் இடம் தரவில்லை என்று எடுத்துக்காட்டினார். உடலைக் கழுவிக் கஃபனிட்டுத் தொழுகை நடத்தி அடக்குவதைச் சமூகத்தின் மீதான கடமையாகக் கொண்ட மார்க்கத்தைச் சேர்ந்த ஒருவரின் தலை, நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்சிப் பொருளாக இருந்தது. இப்போரின் நினைவுப் பொருள்களைப் பற்றி எழுதுவோர் இதனை விட்டுவிட்டு அஞ்சல்தலைகளைப் பற்றி மட்டும் பேசுதல் முறையாகாது.

1907ஆம் ஆண்டு நிறைவு இரு துருவங்களில் கொண்டாடப்பட்டது எனலாம். அவ்வாண்டு டிசம்பர் 23ஆம் நாள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் 'டெய்லி டெலிகிராஃப்' நாளிதழின் ஏற்பாட்டில், உயிரோடிருந்த முதிய போர்வீரர்களுக்குப் பொன்விழா விருந்து நடைபெற்றது. டில்லி முற்றுகையில் இளம் அதிகாரியாகப் பங்கேற்ற ராபர்ட்ஸ் பிரபுவும் அதில் கலந்துகொண்டார். இந்தியாவிலோ அதே ஆண்டு மே மாதத்தில், ஐம்பதாண்டு நிறைவையொட்டி மீண்டுமொரு கிளர்ச்சி மூளுமோ என்று அரசு அஞ்சியது. பஞ்சாபில் லாலா லஜபதி ராய் மே 9ஆம் நாள் கைதுசெய்யப்பட்டு நாடு கடத்தப்பட்ட நடவடிக்கையில் இவ்வச்சத்திற்கும் பங்குண்டு.

லண்டனிலேயே 'இந்தியா ஹவுஸ்' என்ற விடுதியில் தங்கியிருந்த இந்திய மாணவர்கள் மாற்றுக் கொண்டாட்டங்களை நடத்தினர். 1857இன் தியாகிகளை நினைவுகூரும் வில்லைகளை அவர்கள் மார்பில் அணிந்தனர். அதனால் கல்லூரிகளில் தொல்லைக்கும் ஆளாயினர். அவ்விடுதியில் உருவான நூலே சாவர்க்கர் மராத்தியில் எழுதிய 1857 சுதந்திரப் போர் வரலாறு. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புப் பணியில் வ.வே.சு. ஐயருக்குப் பங்கிருந்தது என்பர். 1909இல் ஹாலந்தில் அச்சிடப்பட்டு, 'ஓர் இந்தியத் தேசியவாதி' என்ற புனைபெயரில் வெளிவந்த அந்நூலுக்கு வெளிவருமுன்னரே தடை விதிக்கப்பட்டது. டிக்கன்ஸின் நாவலொன்றின் மேலுறையைப் போர்த்திப் படிகள் இந்தியாவுக்குக் கடத்தப்பட்டன. தடை 1946இல்தான் நீங்கியது.

இந்நூலைப் பற்றி நம்மவர் பேசும்போது பெரும்பாலும் அதன் ஆசிரியர் 1923இல் எழுதிய 'ஹிந்துத்துவம்' நூலின் வழியாகவே பார்க்கின்றனர். அது நியாயமன்று. 1909ஆம் ஆண்டு நூல், முந்தைய நூற்றாண்டுகளின் பகைமையை இன்றும் பேணுவது பொருந்தாது என்று வாதிட்டது. பகதூர் ஷாவை அரியணையில் அமர்த்தியதை இரு சமூகத்தாரின் பொதுச் செயலாகப் போற்றியது. ஃபைஸாபாத்தின் மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷாவுக்கு அதில் உயர்ந்த இடம் தரப்பட்டது. அதே ஆசிரியர் பின்னாளில் முற்றிலும் மாறுபட்ட நிலைப்பாட்டை மேற்கொண்டார் என்பதும் உண்மையே. ஒரு நூலை அது எழுதப்பட்ட ஆண்டோடு சேர்த்துப் படித்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தக்க சான்று கிடைப்பதரிது.

1957ஆம் ஆண்டு நூற்றாண்டு விழா, இந்நாட்டு அரசே நினைவுப் பதிவுகளின் வெளியீட்டாளராக மாறிய தருணம். அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று வெளியிடப்பட்ட அஞ்சல்தலைகளுள் ஜான்ஸி ராணி லட்சுமிபாயின் உருவம் இடம்பெற்றது. அவ்வீராங்கனை அதற்கு முற்றிலும் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. எனினும் கிளர்ச்சியாளர் தம் தலைவராக அறிவித்த மன்னர் பகதூர் ஷாவுக்கு அஞ்சல்தலை கிடைக்க 1975 வரையும், லக்னோவில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பேகம் ஹஸ்ரத் மஹலுக்கு 1984 வரையும் காலம் சென்றது. எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானும் 1957இலேயே இதே நூற்றாண்டுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. டில்லி அரண்மனையும் லக்னோ அரண்மனையும் இந்தியாவில் இருக்க, அவற்றின் நினைவைத் தன் முன்வரலாறாகப் பாகிஸ்தான் உரிமை கோரிய அச்சூழலில், இரு நாடுகளின் நினைவுச் சின்னங்களுக்கும் நடுவே இந்திய முஸ்லிம்களின் 1857 அகப்பட்டுக்கொண்டது.

நூல்களின் நிலை இதனினும் சிறப்பானது. கல்வி அமைச்சராக இருந்த மௌலானா அபுல் கலாம் ஆஸாத் அவர்கள், இப்போரைப் பற்றி விருப்பு வெறுப்பற்ற வரலாறு ஒன்று எழுதப்பட வேண்டுமென்று விரும்பினார். அப்பணி சுரேந்திரநாத் சென்னிடம் ஒப்படைக்கப்பட்டு, 1957இல் அரசு வெளியீடாக நூல் வந்தது. மௌலானா அதற்கு முன்னுரை எழுதினார். பல ஆண்டுகள் திட்டமிட்ட சதியின் விளைவே இவ்வெழுச்சி என்ற கருத்தை அவர் அம்முன்னுரையில் ஏற்கவில்லை. இந்து, முஸ்லிம் என்னும் வேறுபாடின்றி மக்கள் தோளோடு தோள் நின்றதை அவர் சுட்டிக்காட்டினார். இதன் பின்புலத்தை நாம் மறந்துவிடலாகாது. 1858 ஜனவரி முதல் மார்ச் வரை டில்லிக் கோட்டையின் திவானே காஸில் பகதூர் ஷாவை விசாரித்தபோது, அரசுத் தரப்பில் வாதிட்ட ஹாரியட், ஈரான் முதல் மக்கா வரை பரவியிருந்த முஸ்லிம் சதியே கலகத்தின் வேர் என்று முழங்கினார். கிளர்ந்தெழுந்த சிப்பாய்களில் பெரும்பான்மையோர் இந்து உயர்சாதியினராக இருந்த உண்மை அவ்வாதத்திற்கு இடையூறாகவில்லை. சதி என்ற சொல்லை நூறாண்டுகள் கழித்து மௌலானா மறுத்துரைத்தது, அவ்விசாரணை மன்றத்திற்கு அளிக்கப்பட்ட காலந்தாழ்ந்த மறுமொழியாகவும் கொள்ளத்தக்கது.

அரசு விழா எடுத்த அதே ஆண்டில் ஆர்.சி. மஜும்தார் தம் நூலில், இது முதலாவதும் அன்று, தேசியமும் அன்று, சுதந்திரப் போரும் அன்று என்று வாதிட்டார். பி.சி. ஜோஷி தொகுத்த இடதுசாரிக் கட்டுரைத் தொகுப்பும் அவ்வாண்டே வெளிவந்தது. அதில் கே.எம். அஷ்ரஃப் முஸ்லிம் சீர்திருத்த இயக்கத்தாருக்கும் எழுச்சிக்கும் இடையிலான உறவை ஆராய்ந்த கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. உத்தரப் பிரதேச அரசு எஸ்.ஏ.ஏ. ரிஸ்வி, எம்.எல். பார்கவா ஆகியோரைக் கொண்டு, ஆறு தொகுதிகளாக மூல ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. உருது, பாரசீக மொழிகளில் கிடந்த கடிதங்களும் அறிக்கைகளும் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு அத்தொகுதிகளில் இடம்பெற்றன. நூற்றாண்டு விழாவின் மேடைப் பேச்சுகள் மறைந்துவிட்டன. இத்தொகுதிகளை இன்றைய ஆய்வாளரும் நாடுகின்றனர்.

அவ்வாண்டின் துணிவான பங்களிப்பென ராம்பூர் ரஸா நூலகத்தைச் சேர்ந்த மௌலானா இம்தியாஸ் அலி அர்ஷியின் கட்டுரையைக் குறிப்பிடலாம். அல்லாமா ஃபஸ்லே ஹக் கைராபாதி டில்லியில் ஜிஹாத் ஃபத்வா எழுதி உலமாக்களின் ஒப்பம் பெற்றார் என்பது பரவலாகப் பேசப்படும் செய்தி. அந்தக் காலத்து 'சாதிகுல் அக்பார்' இதழ் 1857 ஜூலை 26ஆம் நாள் ஒரு ஃபத்வாவை அதில் ஒப்பமிட்டோரின் பெயர்களோடு அச்சிட்டது. முஃப்தி ஸத்ருத்தீன் ஆஸுர்தா முதலானோரின் பெயர்கள் அதில் உள்ளன. அல்லாமாவின் பெயர் இல்லை. அர்ஷி இதனை நூற்றாண்டு ஆண்டிலேயே எடுத்துக்கூறினார். அல்லாமா டில்லிக்கு வந்தபின் வேறொரு ஃபத்வா வெளியாகியிருக்கலாம் என்போர் உண்டு. விவாதம் அத்தோடு முடிவடையவில்லை. ஆயினும் தாம் போற்றும் ஆலிமைப் பற்றிய செய்தியையே, அவருக்கு விழா எடுக்கும் ஆண்டில், மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த அந்நேர்மை, ராவிகளைத் தரம் பிரித்து ஹதீஸை ஏற்ற அறிஞர்களின் வழிவந்தது. அல்லாமாவின் பெருமை அதனால் சிறிதும் குன்றிவிடவில்லை. 1859இல் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டு, 1861இல் அங்கேயே மறைந்த அவர், சிறையில் அரபு மொழியில் எழுதிய ரிஸாலா நம்மிடம் உள்ளது. 'அஸ்ஸவ்ரத்துல் ஹிந்திய்யா' என்று அறியப்படும் அது, 1947இல் அப்துஷ் ஷாஹித் கான் ஷெர்வானியின் உருது மொழிபெயர்ப்போடு அச்சேறியது. தோற்றவர் தரப்பிலிருந்து, தண்டனையை அனுபவித்துக்கொண்டே ஒருவர் எழுதிய போர் வரலாறு அது. ஒப்பமிடாத ஃபத்வாவை அவர் பெயரில் ஏற்றுவதைவிட, அவரே எழுதிய அந்நூலைப் படிப்பது அவருக்குச் செய்யும் மேலான மரியாதையாகும்.

நம் சமூகத்தவர் வெளியிடும் விடுதலைப் போர் மலர்களையும் நூல்களையும் பற்றி இவ்விடத்தில் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. தூக்கிலிடப்பட்ட உலமாக்கள் இத்தனை ஆயிரம், மரந்தோறும் தொங்கவிடப்பட்ட உடல்கள் இத்தனை என்றெல்லாம் எண்கள் ஒரு மலரிலிருந்து மறுமலருக்குப் பெயர்த்தெழுதப்பட்டு வருகின்றன. அவற்றை முதலில் எழுதியவர் யார், எந்த ஆவணத்தைக் கண்டு எழுதினார் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை. புறக்கணிக்கப்பட்ட சமூகம் தன் பங்கை உரக்கச் சொல்ல விழைவது இயல்பே. ஆனால் சான்றற்ற எண் ஒன்று பொய்யென நிறுவப்படும் நாளில், சான்றுள்ள உண்மைகளும் அதனுடன் சேர்ந்து ஐயத்திற்குள்ளாகும். சான்றுள்ளவை குறைவா என்ன? 'தில்லி உருது அக்பார்' இதழின் ஆசிரியர் மௌலவி முஹம்மத் பாகிர், எழுச்சியின்போது தம் இதழுக்கு மன்னரின் பெயரையே சூட்டினார். 1857 செப்டம்பரில் டில்லி வீழ்ந்ததும் கொல்லப்பட்டார். அவ்விதழின் பிரதிகள் இன்றும் உள்ளன. மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷா 1858 ஜூன் 5ஆம் நாள் பவாயனில் அந்நகர் அரசனால் கொல்லப்பட்டார்; அவரது தலைக்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசு 50,000 ரூபாய். ஆங்கிலேயத் தரப்பு வரலாற்றாசிரியரான மாலிசனே அவரை உண்மையான நாட்டுப்பற்றாளராக மதித்தெழுதினார். அவருடைய பூர்வீகம் சென்னைப்பட்டினம் என்று கூறும் பழைய மரபொன்றும் உண்டு. தமிழகத்து மலர்கள் ஆயிரக்கணக்கில் எண்களைத் தேடுவதைவிட, இந்த ஒருவரின் வேரைத் தேடியிருக்கலாம்.

தமிழகத்தில் இப்பொருளுக்கு வேறொரு நேரடித் தொடர்பும் உண்டு. 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். தலைப்பாகையின் புதிய வடிவமும், நெற்றிக்குறி, தாடி ஆகியவற்றுக்கு விதிக்கப்பட்ட தடையும் இந்து, முஸ்லிம் வீரர்களை ஒருங்கே புண்படுத்தின. திப்பு சுல்தானின் மக்கள் அக்கோட்டையிலேயே காவலில் இருந்தனர். 2006இல் அதன் இருநூறாம் ஆண்டு நிறைவு கொண்டாடப்பட்டு, அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே 1857இன் நூற்றைம்பதாண்டு விழா வந்தமையால், 'முதல் சுதந்திரப் போர்' எது என்ற வழக்கு தமிழ்நாட்டில் மீண்டும் எழுந்தது. எது முதல் என்னும் இவ்வழக்கில் பயன் பெரிதில்லை. வேலூரின் குறைகளுக்கும் மீரட்டின் தோட்டாக்களுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழித்தும் காணப்படும் ஒற்றுமையே ஆராயத்தக்கது.

2007இல் இந்திய அரசு 5 ரூபாய், 100 ரூபாய் நாணயங்களை வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் சிறப்பு நிகழ்ச்சி நடைபெற்றது. மீரட்டிலிருந்து டில்லிக் கோட்டைக்கு இளைஞர்கள் அணிவகுத்துச் சென்றனர். அவ்வாண்டு செப்டம்பரில், 1857இல் போரிட்டோரின் வழித்தோன்றல்கள் உள்ளிட்ட பிரிட்டிஷ் குழுவொன்று நினைவிடங்களைப் பார்வையிட வந்தபோது லக்னோவில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. மீரட் தேவாலயத்தில் வைப்பதற்கெனக் கொண்டுவரப்பட்ட, பிரிட்டிஷ் படைப்பிரிவொன்றின் வீரத்தைப் போற்றும் பலகையும் சர்ச்சைக்குள்ளானது. கையளவுப் பலகை ஒன்று இத்துணைச் சினத்தை எழுப்பியமை, ரிட்ஜ் கோபுரத்தின் சொற்கள் இன்னும் ஆறாத புண்ணாகவே இருந்ததைக் காட்டுகிறது.

நூல்களில் வில்லியம் டால்ரிம்பிளின் 'கடைசி முகலாயர்' 2006இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள, எழுச்சிக் காலத்து டில்லியின் உருது, பாரசீகத் தாள்களைப் பயன்படுத்தி எழுதப்பட்டமை அதன் வலிமை. டில்லிக்கு வந்த முஜாஹிதுகளைப் பற்றி எழுதுமிடத்து, அவர் தம் காலத்து உலக அரசியலையும் இணைத்து நோக்கினார். 2001க்குப் பிந்தைய வாசகருக்கு அந்தச் சொல் எழுப்பும் உருவம் வேறு. 1857இல் டில்லியில் இந்துச் சிப்பாய்களோடு ஒரே மன்னரின் கீழ் நின்றவர்களின் உருவம் வேறு. அவ்விணைப்பு நூலின் நலிந்த பகுதி என்றே தோன்றுகிறது. ஆயினும் அத்தாள்களின்பால் மீண்டும் கவனம் திரும்பியதற்கு அந்நூலும் காரணம். அவற்றின் அட்டவணை 1921லேயே கல்கத்தாவில் அச்சாகியிருந்தும், சிகஸ்தா எழுத்தின் கடுமையால் அவற்றை நாடியோர் சிலரே. மஹ்மூத் ஃபாரூக்கி அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 2010இல் நூலாக்கினார்.

அத்தாள்களில் வெற்றி முழக்கங்கள் குறைவு. சம்பளம் கேட்கும் சிப்பாய், பொருள் பறிகொடுத்த கடைக்காரர், கூலி கிடைக்காத தொழிலாளி ஆகியோரின் மனுக்களே மிகுதி. முற்றுகையிடப்பட்ட நகரில் 1857 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. இந்துச் சிப்பாய்களுக்கும் நகர முஸ்லிம்களுக்கும் இடையே பூசல் மூண்டால் எதிரிக்கு வேறு துணை வேண்டியதில்லை. ஆகவே பசுவைக் குர்பானி கொடுப்போருக்கு மரண தண்டனை என்று மன்னர் பகதூர் ஷா பறைசாற்றச் செய்தார். முஸ்லிம்களிடமுள்ள பசுக்களைக் கணக்கெடுக்கவும், அவற்றைக் கோத்வாலியிலேயே கட்டிவைக்கவும் ஆணை பிறந்தது. நகரத்துப் பசுக்கள் அனைத்தையும் கட்டிவைக்கக் கோத்வாலியில் இடம் போதாது என்று கோத்வால் மறுமொழி எழுதினார். இறுதியில் உரிமையாளர்களிடம் எழுத்துமூலம் உறுதி பெற்றுக்கொள்வதென முடிவாயிற்று. ஆங்கிலேயர் எதிர்பார்த்துக் காத்திருந்த கலவரமின்றிப் பெருநாள் கழிந்தது.